வகுப்பைப் பார்த்த பிறகு ஆசிரியரிடம் எப்படிப் பேசுவது?

தமிழக அரசுப் பள்ளிகளில் சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் தரும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022இல் தொடங்கியதிலிருந்து தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு வகுப்பறைப் பார்வை பழகிப்போன ஒன்று. வட்டார வள மையத்து ஆசிரியர் பயிற்றுநர்களான நாங்கள் போவோம், வட்டாரக் கல்வி அலுவலர் வருவார், ஆசிரியர் பயிற்சி நிறுவன விரிவுரையாளரும் வருவார். பார்வைப் படிவத்தின் கேள்விகளுக்கு ஆம், இல்லை என்று கைபேசிச் செயலியில் பதிவேற்றிவிட்டால் கணக்குக்குப் பார்வை முடிந்தது. ஆனால் மறுநாள் வகுப்பில் ஏதாவது மாற வேண்டுமென்றால், அது பார்வைக்குப் பிறகு ஆசிரியரோடு உட்கார்ந்து பேசும் கால் மணி நேரத்தைப் பொறுத்தது. அந்தப் பேச்சுக்கு எங்களுக்குக் கைகொடுத்த முறை இது.

பாடம் தொடங்கும் முன்பே வகுப்புக்குள் இருக்க வேண்டும். பாதியில் நுழைந்தால் பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொல்வார்கள், பாடம் அறுந்துபோகும், ஆசிரியர் நமக்காக வேறொன்றைத் தொடங்கிவிடுவார். நுழைவதற்கு முன் ஆசிரியரிடம் இரண்டு கேள்வி போதும்: “இன்னைக்கு என்ன பாடம் டீச்சர்? நான் எதைக் கவனிச்சா உங்களுக்கு உதவியா இருக்கும்?” இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் முதல் முறை பதில் வராது. அடுத்தடுத்த பார்வைகளில் வரும். பதிவேடுகளைக் கடைசியில் பார்க்கலாம். முதலிலேயே பாடக்குறிப்பேட்டைக் கேட்டால், வந்திருப்பது தணிக்கைக்கு என்றே ஆசிரியர் நினைப்பார். அதன் பிறகு மனம் விட்டுப் பேச மாட்டார்.

ஆசிரியரின் நாற்காலியில் உட்காரக் கூடாது. பிள்ளைகளின் நோட்டு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பக்கவாட்டில், முடிந்தால் தரையில், அவர்களோடு உட்காருவது நல்லது. கரும்பலகையில் தவறு இருந்தாலும் பிள்ளைகள் முன்னால் திருத்தக் கூடாது. சாக்பீஸை வாங்கி நாமே நடத்திக் காட்டுவதும் வேண்டாம்.

கையில் செயலி இருக்கக் கூடாது, நோட்டு இருக்க வேண்டும். பக்கத்தை மூன்றாக மடித்துக்கொள்கிறோம்: நேரம், ஆசிரியர் சொன்னதும் செய்ததும், பிள்ளைகள் சொன்னதும் செய்ததும். மூன்றாவது பத்திதான் உயிர். அதில் ‘ஆர்வமாகக் கற்றனர்’ என்று எழுதினால் பிறகு பேச ஒன்றும் இருக்காது. ‘10.20 – மொட்டு நிலைப் பிள்ளைகள் நால்வர் பயிற்சி நூலைத் திறக்கவில்லை’ என்று இருந்தால் பேசலாம். (கற்றல் நிலைக்கேற்பப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோம்; அரும்பு தொடக்க நிலை, மொட்டு நடு நிலை.) பி.எட். படித்தவர்களுக்கு ஃபிளாண்டர்ஸ் முறை நினைவிருக்கும்: மூன்று நொடிக்கு ஒரு முறை வகுப்புப் பேச்சைப் பத்து வகைகளில் ஒன்றாகக் குறிப்பது. அவ்வளவு நுட்பம் இங்கே தேவையில்லை. யாரிடம் கேள்வி போகிறது, பதிலுக்கு எத்தனை நொடி காத்திருக்கிறார் என்ற இரண்டை மட்டும் எண்ணினாலே நிறையத் தெரியும். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருக்கிறார்கள், அதை மூன்று நொடியாக்கினால் பதில்கள் நீள்கின்றன என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டினார். நம் வகுப்புகளிலும் நொடிகளை எண்ணிப் பார்த்தால் அதே அவசரம்தான்.

மூன்றாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழித்தல் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பலகையில் 52 – 27. ஆசிரியர் படிப்படியாகச் செய்து காட்டி, “புரிஞ்சுதா?” என்கிறார். “புரிஞ்சுது டீச்சர்” என்று வகுப்பே ஒரே குரலில் சொல்கிறது. அடுத்த கணக்கைத் தாங்களே போடும்போது நோட்டுகளைச் சுற்றிப் பார்த்தால், 43 – 18க்குப் பலர் 35 என்று எழுதியிருப்பார்கள். 3இலிருந்து 8 போகாது என்பதால் 8இலிருந்து 3ஐக் கழித்திருக்கிறார்கள். ஒன்றுபோல் பல நோட்டுகளில் வந்தால் அது கவனக்குறைவு இல்லை. இந்த விடையை எத்தனை பேர் எழுதினார்கள் என்ற எண்ணிக்கையோடு குறித்துக்கொள்ள வேண்டும்.

பேச்சை அன்றைக்கே வைத்துக்கொள்ள வேண்டும். ஈராசிரியர் பள்ளியில் இதுதான் பெரிய சிக்கல்: ஆசிரியர் வெளியே வந்தால் வகுப்பைப் பார்க்க ஆளில்லை. மதிய உணவு முடிந்து மணி அடிப்பதற்கு முன் கிடைக்கும் இடைவெளி ஓரளவு சரிவரும். தலைமையாசிரியர் முன்னிலையில் வேண்டாம். அங்கே ஆசிரியர் பேச மாட்டார், தலையாட்டுவார்.

“நல்லா நடத்துனீங்க, ஆனா...” என்று தொடங்கினால் ‘ஆனா’வுக்கு முன்னால் சொன்னது காற்றில் போய்விடும். அதைவிடக் குறிப்பை அப்படியே காட்டிக் கேட்கலாம்: “டீச்சர், 43ல 18 போனா 35னு ஏழு பேர் எழுதியிருக்காங்க. அவங்க எப்படி யோசிச்சிருப்பாங்க?” பிறகு நாம் வாய் மூடியிருக்க வேண்டும். பயிற்றுநருக்கு இதுதான் கடினம், ஏனென்றால் தீர்வு நாக்கு நுனியில் நிற்கும். ஆசிரியருக்குத் தன் பிள்ளைகளை நம்மைவிடத் தெரியும். பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளில் ஒரு கட்டைப் பிரித்துக் காட்டலாம் என்று அவரே சொன்னால் நாளைக்கே அது நடக்கும். வரவில்லையென்றால் மட்டும் நாம் ஒன்றைச் சொல்லலாம்.

ஒன்றே ஒன்றை. கரும்பலகை எழுத்து, பிள்ளைகள் உட்காரும் முறை, துணைக்கருவி, குரல் என்று எட்டுக் குறை சொன்னால் ஆசிரியர் எதையும் பிடித்துக்கொள்ள மாட்டார். கற்றலை அதிகம் தடுப்பது எதுவோ அதை எடுத்து, எந்த நாளில், எந்தப் பாடத்தில் முயல்வார் என்பதையும் இருவரும் சேர்ந்து எழுதிக்கொள்கிறோம். செயலியில் பதிவேற்றுவதை ஆசிரியருக்குக் காட்டியே செய்கிறோம். முகத்துக்கு நேரே ஒன்று, படிவத்தில் வேறொன்று என்று இருந்தால் அடுத்த முறை அந்த வகுப்பில் உண்மையான பாடத்தைப் பார்க்க முடியாது.

இரண்டு வாரத்துக்குள் திரும்பப் போய் அதே ஒன்றை மட்டும் பார்க்கிறோம். மாறியிருந்தால் நோட்டில் எத்தனை பேர் தேறினார்கள் என்று சேர்ந்தே எண்ணுகிறோம். மாறவில்லையென்றால் அதே அறிவுரையைத் திரும்பச் சொல்வதில் பயனில்லை. குச்சி போதாமல் இருக்கலாம், ஒன்று முதல் மூன்று வரை எல்லா வகுப்பையும் ஒரே அறையில் வைத்துத் திணறலாம், பிள்ளைகளுக்கு இடமதிப்பே பிடிபடாமல் இருக்கலாம். காரணத்தைக் கேட்டுவிட்டு, ஆசிரியர் சம்மதித்தால் ஒரு பாடத்தை இருவரும் பங்கிட்டு நடத்துகிறோம்: அவர் மலர் நிலைப் பிள்ளைகளோடு, நாங்கள் குச்சிக் கட்டுகளோடு அரும்பு நிலைப் பிள்ளைகள் பக்கத்தில்.