தரவைக் கலையாக்கும் போட்டி: விஞ்ஞான ஆசிரியர்களுக்குச் சில வார்த்தைகள்

அறிவியல் தரவைச் சேகரித்து அதை ஓவியமாகவோ பின்னல் வேலையாகவோ ஆக்கிக் காட்டும் போட்டிக்கு அறிவித்தல் வந்தால், பிள்ளைகள் முதலில் தேடுவது பிரிஸ்டல் போர்ட்டையும் நிறப் பெட்டியையும்தான். யாழ்ப்பாணத்தில் சில வருடங்களாகப் பிள்ளைகளை இதற்குத் தயார்ப்படுத்தி வருகிறேன். என் முதல் ஆலோசனை, கொப்பியில் இலக்கங்கள் நிரம்பும்வரை நிறப் பெட்டி அலுமாரியிலேயே இருக்கட்டும்.

கேள்வி பிள்ளையுடையதாக இருக்க வேண்டும். "காலநிலை மாற்றம்" என்று தலைப்போடு வந்து நிற்பார்கள். அதை மறுக்க வேண்டாம். "சரி, உங்கட வீட்டுக் கிணத்தில தண்ணி எப்ப ஏறத் தொடங்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது, வழுக்கையாறும் மாரியில் மட்டும்தான் ஓடும். வெங்காயத்துக்கு இறைப்பதும் வீட்டில் குளிப்பதும் பெரும்பாலும் சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தேங்கிய மழைத்தண்ணீரில்தான். அதனால் இந்தக் கேள்விக்கு வகுப்பே வாய் திறக்கும். ஒருத்தி தங்கள் கிணறு சித்திரையில் சவர்க்கும் என்பாள், இன்னொருவன் பக்கத்துத் தோட்டத்து மோட்டரைக் குறை சொல்வான். அங்கேதான் ஆய்வு தொடங்குகிறது.

அளவெடுப்பதில் நேரத்தைத் தாராளமாகச் செலவழியுங்கள். கிணற்றுக் கட்டில் ஓர் அடையாளம் இட்டு, பாரம் கட்டிய கயிற்றை ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் இருந்து இறக்க வேண்டும். மோட்டர் போடும் முன்பே அளக்க வேண்டும், போட்ட பிறகு அளந்தால் இறைப்பில் இறங்கிய மட்டம்தான் கிடைக்கும். மழைமானியைச் சோடாப் போத்தலில் செய்யலாம். நேரான பக்கமுள்ள போத்தலாகப் பார்த்துக் கழுத்தை வெட்டிக் கவிழ்த்து வைத்து, வளைந்த அடிப்பகுதியைத் தண்ணீரால் நிரப்பி, அந்த மட்டத்தைப் பூச்சியமாகக் கொள்ளலாம். வளிமண்டலவியல் திணைக்களம் காலை 8.30க்கு வாசிப்பு எடுக்கிறது. பிள்ளைகளும் அந்த நேரத்தைப் பிடித்தால் பிறகு ஒப்பிடலாம். பாடசாலை நாளில் அதிபரிடம் சொல்லி ஐந்து நிமிடம் கேட்டு வாங்குங்கள்.

ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்: மழை பெய்யாத நாளுக்குப் பூச்சியம், அளக்காத நாளுக்கு வெற்றிடம். இரண்டும் வேறு. காய்ச்சலில் படுத்திருந்த நாளுக்குப் பூச்சியம் போட்டால் அது பொய்த் தரவு.

அப்புறம்தான் வடிவம். பிரித்தானிய காலநிலை அறிவியலாளர் எட் ஹோக்கின்ஸ் 2018இல் வெளியிட்ட வெப்பக் கோடுகளைக் காட்டுங்கள். ஒரு வருடத்துச் சராசரி வெப்பநிலைக்கு ஒரு கோடு, குளிர்ந்த வருடம் நீலம், சூடான வருடம் சிவப்பு, வேறொன்றும் இல்லை. அதைப் பார்த்த ஒரு மாணவி சாயம் போட்ட பனையோலையில் நாளுக்கு ஓர் ஓலையாக மழையைப் பின்னினாள். வெறும் நாள் சாயமில்லா ஓலை, மழை கூடக் கூட நிறம் கடுத்தது. அளக்காத நாளுக்கு ஓலையே வைக்காமல் இடைவெளி விட்டாள். அந்த இடைவெளி எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

வட்டங்கள் வரைகிற பிள்ளைகளைக் கவனியுங்கள். மழை இரண்டு மடங்கானால் ஆரையை இரண்டு மடங்காக்கிவிடுவார்கள், ஆனால் பரப்பளவு நான்கு மடங்காகிவிடும். கண் பார்ப்பது பரப்பளவைத்தான். ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1858இல் கிரிமியப் போர்ச் சாவுகளை மாதத்துக்கு ஓர் ஆப்பாக வட்டமாக அடுக்கிக் காட்டிய படத்திலும் ஒவ்வொரு ஆப்பின் பரப்பளவுதான் சாவு வீதத்துக்கு ஏற்ப அமைந்தது. காயங்களைவிட நோய்தான் கூடுதலான படையினரைக் கொன்றது என்று அதில் ஒரே பார்வையில் தெரிந்தது.

வேலை நடக்கும்போது தூரிகையை வாங்கித் திருத்த மனம் துடிக்கும். தயவுசெய்து வேண்டாம். "இந்தப் பச்சை எதைக் காட்டுது?" என்று மட்டும் கேளுங்கள். பதில் இல்லையென்றால் பிள்ளையே அதை எடுத்துவிடும்.

மழையை அளப்பதானால் புரட்டாதியிலேயே தொடங்குங்கள், ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழை முழுக்கப் பிடிபடும். சமர்ப்பிக்கும் நாளில் அடித்தல் திருத்தலோடு உள்ள அந்த முதல் கொப்பியையும் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள். திருத்தி எழுதிய பிரதி வேண்டாம்.