கற்படுகையில் விழுந்ததும் ஃபோர்க்கைத் திருகியதும்

இறக்கம் பெரிய செங்குத்து ஒன்றும் இல்லை, ஆனால் தரை முழுக்க உருட்டுக் கற்கள், மண்ணில் பாதி புதைந்தவை கொஞ்சம், காலை வைத்தாலே உருளுபவை மீதி. டர்ட் பைக்கில், அதாவது கரடுமுரடான தரைக்கான பைக்கில், இரண்டாவது கியர், ஃபுட்பெக்கில் (கால் வைக்கும் கட்டையில்) நின்று, முழங்காலால் டேங்க்கை இறுக்கிப் பிடித்து இறங்கினேன். முதல் சில கற்களை வண்டி அழகாக விழுங்கியது. அப்புறம் ஒவ்வொரு அடிக்கும் முன்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் சஸ்பென்ஷனே இல்லாத கட்டை வண்டி போல அடி நேராக உள்ளங்கைக்கு வர ஆரம்பித்தது. அடுத்த கல்லின் விளிம்பில் பட்டதும் சக்கரம் இடப்பக்கம் தாவியது, ஹேண்டில்பார் முழுசாக வெட்டிக்கொண்டது, நான் அதற்கு மேலாகப் பறந்து வலது தோளில் விழுந்தேன். ஹெல்மெட்டும் ஒரு கல்லில் நன்றாகவே மோதியது.

எழுந்ததும் முதல் வேலை இன்ஜினை அணைத்தது, வண்டி தலைகீழாகக் கிடந்து பெட்ரோல் ஒழுகிக்கொண்டிருந்தது. நிமிர்த்தி ஓரமாகச் சாய்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். உடனே மறுபடி ஏறத்தான் மனசு சொல்லும், அந்த நேரத்தில் வலியும் தெரியாது, அதை நம்பக் கூடாது.

வண்டியில் சேதம் பயந்த அளவுக்கு இல்லை. கிளட்ச் லீவரின் பிடியை எப்போதும் கொஞ்சம் தளர்வாகவே முடுக்கி வைப்பேன், அதனால் லீவர் உடையாமல் சுற்றிக்கொண்டது. த்ரோட்டிலைத் திருகி விட்டால் சட்டென்று மூடியது. ரேடியேட்டரில் கசிவு இல்லை, ஸ்போக்குகளும் தளரவில்லை. சக்கரம் நேராகப் பார்க்கும்போது ஹேண்டில்பார் மட்டும் கோணலாக நின்றது. பார்ப்பவர்களுக்கு ஹேண்டில்பார் வளைந்துவிட்டது என்றே தோன்றும், பெரும்பாலும் ஃபோர்க் குழாய்கள், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கி அடியை உள்வாங்கும் இரட்டைக் குழாய்கள், அவற்றைப் பிடித்திருக்கும் கிளாம்பில் முறுக்கிக்கொண்டிருக்கும். கிளாம்ப் போல்ட்டுகளையும் அச்சைப் பிடிக்கும் போல்ட்டுகளையும் தளர்த்தி, சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே பிடித்து ஹேண்டில்பாரைத் திருப்பினேன், நேராகிவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகு வண்டிக் கையேட்டில் சொன்ன டார்க் (முடுக்கும் விசை) அளவுக்கு முடுக்கினேன்.

உடம்புக்கு வருவோம். தோள் பரவாயில்லை, மணிக்கட்டுதான் வீங்கியது. கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் குழியை அழுத்தினால் வலித்தது. அந்த இடத்தில் ஸ்காஃபாய்டு என்று ஒரு சின்ன எலும்பு இருக்கிறது, கையை ஊன்றி விழுபவர்களுக்கு அடிக்கடி உடைவது அதுதான், சிக்கல் என்னவென்றால் முதல் எக்ஸ்ரேயில் அந்த விரிசல் தெரியாமலே போகலாம். கட்டுப் போட்டு 10–14 நாள் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். எனக்கு இரண்டாவது படமும் சுத்தமாக வந்தது, தசைநார் சுளுக்கு மட்டும்தான். ஹெல்மெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன். வெளியே கீறல்தான் தெரிகிறது என்று சிலர் வைத்துக்கொள்வார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உள்ளே அடியைத் தாங்கும் இபிஎஸ் நுரை (தெர்மாகோல் போன்றது) ஒருமுறை நசுங்கினால் மீண்டு வராது.

கை ஆறும் வரை யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது. முன்பக்கம் படிப்படியாகத் தாழ்ந்ததுதான் துப்பு. இந்த மாதிரி வண்டிகளின் ஃபோர்க்குக்குச் சுமார் 300 மி.மீ. பயணம், அதாவது அமுங்கும் தூரம், இருக்கும். ரீபவுண்டை, அதாவது அமுங்கிய ஃபோர்க் திரும்ப எழும்பும் வேகத்தை, மெதுவாக வைத்திருந்தால் ஒரு கல்லில் அமுங்கிய ஃபோர்க் முழுசாக எழும்புவதற்குள் அடுத்த கல் வந்துவிடுகிறது, அதற்கடுத்த கல்லுக்கு இன்னும் குறைவான பயணம்தான் மிச்சம். மூக்கு தாழ்வதால் ஸ்டீயரிங் கோணமும் செங்குத்தாகி, சக்கரம் சின்ன இடிக்கும் பக்கவாட்டில் ஓடப் பார்க்கும். கடினமாக அடிக்கிறதே என்று கம்ப்ரஷனை (அமுங்குவதைத் தடுக்கும் இறுக்கத்தை) தளர்த்தத்தான் முதலில் கை போகும், அப்படிச் செய்தால் முன்பக்கம் இன்னும் தாழும்.

அதனால் திருகுகளில் ரீபவுண்டை மட்டும் தொட்டேன். திருகை முழுசாக உள்ளே முடுக்கி கிளிக்குகளை எண்ணி எழுதி வைத்தேன், பழைய அளவுக்குத் திரும்ப அது வேண்டும். பிறகு முன்பிருந்ததைவிட இரண்டு கிளிக் வெளியே, அப்போது ஃபோர்க் வேகமாக எழும்பும். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்து ஃபோர்க்கில் சேர்ந்திருந்த காற்றையும் திறந்துவிட்டேன், புஸ் என்று கணிசமாகவே வந்தது. அமைப்பில் வேறு எதையும் மாற்றவில்லை, டயர் காற்றைக்கூட. இரண்டு அமைப்பை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசி வரை தெரியாது.

அதே இறக்கத்தில் முதலில் மெதுவாக, அப்புறம் விழுந்த வேகத்திலேயே இறங்கிப் பார்த்தேன். முன்பக்கம் கடைசிக் கல் வரை உயரமாகவே நின்றது, ஹேண்டில்பார் லேசாக ஆடியதே தவிர வெட்டவில்லை. இன்னும் இரண்டு கிளிக் வெளியே எடுத்தபோது வளைவில் சக்கரம் துள்ளி மண்ணை விட்டுக் கிளம்பியது, எனவே ஒன்றை உள்ளே திருப்பிவிட்டேன்.

இப்போது பின்பக்கம்தான் தொல்லை, கற்களில் லேசாக உதைக்கிறது. ஷாக்கை (பின்சக்கர சஸ்பென்ஷனை) திருகுவதற்கு முன்னால் நான் ஏறி நின்றால் எவ்வளவு அமுங்குகிறது என்று அளக்க வேண்டும், 100 மி.மீ.க்கு அருகில் வந்தால் சரி. அளவுநாடா பிடிக்க ஒருவர், வண்டியைப் பிடிக்க ஒருவர் என ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது.