ஹர்ஷினி கான்ஹேகர் பற்றி ஒரு விக்கிப்பீடியா கட்டுரை: ஆறு வாரக் குறிப்புகள்

ஏப்ரல் 14

தமிழ்ப் புத்தாண்டு. அம்பேத்கர் ஜெயந்தி என்பதால் ஆபீசும் லீவு. மாங்காய்ப் பச்சடிக்கு மாங்காயைச் சீவி வைத்துவிட்டு, சயானில் ரயில் பிடித்து மகளோடு பைகுல்லாவில் இறங்கினேன். தீயணைப்புப் படைத் தலைமையகத்துக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். பல வருஷமாக மனசில் இருந்த ஆசை.

இந்தத் தேதிக்கு மும்பையில் இன்னொரு கணக்கும் உண்டு. 1944 ஏப்ரல் 14 அன்று விக்டோரியா டாக்கில் நின்ற ஃபோர்ட் ஸ்டைகின் கப்பலில் பருத்திப் பொதிகளும் இருந்தன, ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருளும் இருந்தது. பருத்தியில் பிடித்த தீயை அணைக்கப் போனவர்கள் குழாயும் கையுமாக நின்றுகொண்டிருந்தபோதே, மாலை நாலு மணி தாண்டிக் கப்பல் வெடித்தது. தீயணைப்பு வீரர்கள் மட்டும் 66 பேர் போனார்கள். அவர்கள் நினைவாகத்தான் நாடு முழுக்க ஏப்ரல் 14 தீயணைப்புப் பணி நாளாக இருக்கிறது.

எனக்கு இதில் சொந்தக் கதையும் உண்டு. ஏழு வயதில் எங்கள் சாலில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், மூன்று வீடு தள்ளி சிலிண்டர் பற்றிக்கொண்டது. சந்து குறுகல், வண்டி உள்ளே வரவில்லை. மெயின் ரோட்டிலிருந்து குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்கள் ஓடி வந்தார்கள். தட்டையாகக் கிடந்த கித்தான் குழாய் தண்ணீர் ஏறியதும் மலைப்பாம்பு மாதிரி விறைத்து எழுந்ததை இன்றைக்கும் கண்ணால் பார்க்கிறேன். அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு, "முருகா, அந்தப் பிள்ளைகளுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வீடு போனவர்களுக்காக அழுததற்கு முன்னால் அவள் வேண்டிக்கொண்டது அவர்களுக்காகத்தான்.

இதையெல்லாம் சொல்லி முடித்தேன். மகள் கேட்டாள்: "மா, இதுல லேடீஸ் யாருமே இல்லையா?"

திரும்பி வரும் ரயிலில் போனில் தேடியபோது கிடைத்த பெயர் ஹர்ஷினி கான்ஹேகர். நாக்பூர்க்காரர், தீயணைப்பு அதிகாரி. அவரைப் பற்றித் தமிழில் ஒழுங்காகப் படிக்க ஏதாவது கிடைக்குமா என்று, எனக்குத் தெரிந்த எழுத்துக்கூட்டலில் எல்லாம் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் சிக்கவில்லை. நாமே எழுதினால் என்ன என்று தோன்றியது மாட்டுங்காவுக்கும் சயானுக்கும் நடுவில்.

ஏப்ரல் 20

விக்கிப்பீடியாவில் கணக்குத் தொடங்கினேன். வரவேற்புச் செய்தியில் மணல்தொட்டி என்று ஒரு பக்கத்துக்கு வழி காட்டியிருந்தார்கள். குழந்தைகள் மணலில் வீடு கட்டிக் கலைப்பது போல எழுதிப் பழகலாம். கேள்வி கேட்க ஆலமரத்தடி. இந்தப் பெயர்களை வைத்தவர்கள் யாராக இருந்தாலும் அவர்களுக்கு என் வணக்கம். உள்ளே போன முதல் நாளே ஊருக்குள் போன மாதிரி இருந்தது.

முதல் வரைவை ஆங்கிலச் செய்திகளை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு எடுத்தேன். வந்த வாக்கியம் இது: "அவர் ஒரு தீயணைப்பு வீரராக ஆவதற்கான தனது பயணத்தை 2002 இல் தொடங்கினார்." ஒவ்வொரு சொல்லும் தமிழ்தான், ஆனால் எந்தத் தமிழர் வாயிலிருந்தும் இப்படி வராது. நடந்தது என்ன? ஒரு பெண் ஒரு கல்லூரியில் சேர்ந்தார். "2002-இல் நாக்பூர் தேசியத் தீயணைப்புப் பணிக் கல்லூரியில் சேர்ந்தார்." முடிந்தது. அன்று முழுக்க மூன்று பத்தியை இப்படிப் பிரித்துப் பிரித்துத் தைத்ததில் கருவியிலிருந்து வந்தது ஒரு வரிகூட மிஞ்சவில்லை. அடுத்த வாரத்திலிருந்து கருவியைத் திறக்கவே இல்லை.

ஏப்ரல் 27

இன்று முழுக்கப் பெயருக்கே போனது.

ஆங்கிலத்தில் பார்த்து நான் "கன்ஹேகர்" என்று எழுதி வைத்திருந்தேன். பக்கத்து வீட்டுக் காகுவிடம் போனைக் காட்டினேன். காகு கண்ணாடியைப் போட்டு மராத்திச் செய்தி ஒன்றை வாசித்துவிட்டு, "பாளா, கான். நீட்டிச் சொல்லு. கான்-ஹே-கர்" என்றார். 'கர்' என்று முடிந்தால் பெரும்பாலும் ஊர்ப்பெயரிலிருந்து வந்த குடும்பப் பெயர் என்றும் சொன்னார். முப்பது வருஷமாக இந்த ஊர்ப் பெயர்களுக்கு நடுவில் வாழ்கிறேன். ஆங்கில எழுத்து வழியாகப் பார்த்ததும் நெடிலைத் தொலைத்துவிட்டேன். மூலமொழியில் எப்படிச் சொல்கிறார்களோ அதைக் காதால் கேட்டு எழுத வேண்டும். மும்பையில் இருக்கிற எனக்கு அது ஒரு கதவு தள்ளித்தான் இருக்கிறது.

கிரந்த எழுத்து வேண்டாம், ஹர்சினி என்று எழுதலாமே என்பவர்களும் உண்டு. நான் ஹர்ஷினி என்றே தலைப்பு வைத்தேன். மற்ற எழுத்துக்கூட்டல்களில் தேடுபவர்களும் இதே பக்கத்துக்கு வந்து சேர வழிமாற்று என்று ஒரு வசதி இருக்கிறது. நான்கு வழிமாற்றுகளைக் குறித்து வைத்துக்கொண்டேன். இல்லாவிட்டால், நான் தேடித் தவித்த மாதிரி இன்னொருத்தி தவிப்பாள்.

மே 4

சான்றுகள். ஒன்பது செய்திகள் சேர்த்து வைத்திருந்தேன், பெருமையாக இருந்தது. வரிசையாக அச்செடுத்துத் தரையில் பரப்பிப் படித்தபோதுதான் தெரிந்தது, அவற்றில் ஐந்து ஒரே பேட்டியை மாற்றி மாற்றி எழுதியவை. அதே சம்பவம், அதே வரிசை, அதே மேற்கோள். ஐந்து பேர் சொன்னதாக ஆகாது. ஒருவர் சொன்னதை ஐந்து பேர் எடுத்துப் போட்டது. அலுவலகத்தில் வவுச்சர் பார்க்கிற எனக்கு இது புதிதில்லை. ஒரே பில்லின் ஐந்து நகலை வைத்துக்கொண்டு ஐந்து செலவு எழுத முடியாது.

இன்னொரு சிக்கல் பெரிது. எல்லாச் செய்தியும் "இந்தியாவின் முதல் பெண் தீயணைப்பு வீரர்" என்கிறது. சரி என்று எழுதிவிட்டு நிமிர்ந்தால், தமிழ்நாட்டுத் தீயணைப்பு மீட்புப் பணித்துறை நினைவுக்கு வருகிறது. மீனாட்சி விஜயகுமாரும் பிரியா ரவிச்சந்திரனும் அங்கே அதிகாரிகளாகச் சேர்ந்தது 2003-இல். 2012 ஜனவரியில் சேப்பாக்கம் எழிலகத்தில் பற்றிய தீயில் உள்ளே போய்க் காயம்பட்டு வந்தவர் பிரியா. ஹர்ஷினி படிப்பை முடித்து வேலையில் சேர்ந்தது 2006-இல். அப்படியானால் யார் முதல்?

ரொம்ப நேரம் இதிலேயே உட்கார்ந்திருந்தேன். வெளிநாட்டில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தேன். நியூயார்க்கில் மாலி வில்லியம்ஸ் என்ற கறுப்பினப் பெண், அடிமையாக இருந்தவர். 1818-இன் பனிப்புயலில் ஆண்களோடு சேர்ந்து தண்ணீர் இறைக்கும் வண்டியைக் கயிறு கட்டி இழுத்தவர். அமெரிக்காவின் முதல் தீயணைப்புப் பெண் என்று அவரைச் சொல்கிறார்கள். ஆனால் 1974-இல் வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில் வேலைக்குச் சேர்ந்த ஜூடித் லிவர்ஸையும் முதல் என்றே சொல்கிறார்கள். அவர் சம்பளத்துக்கு முழுநேரப் பணியாளராக வந்தவர். அதே நியூயார்க்கில் பிரெண்டா பெர்க்மன் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்த பிறகுதான், 1982-இல், நகரத் தீயணைப்புத் துறை பெண்களை வேலைக்கு எடுத்தது. மூன்று பேரும் முதல்தான். ஒருவர் முன்னால் இன்னொருவர் பொய்யாகிவிடவில்லை. எதில் முதல் என்பதைச் சொல்லாமல் விட்டால்தான் பொய்.

இது புரிந்ததும் ஹர்ஷினியின் வரி தானாக வந்தது. தேசியத் தீயணைப்புப் பணிக் கல்லூரி 1956-இல் உத்தரப் பிரதேசத்தின் ராம்பூரில் தொடங்கி அடுத்த ஆண்டே நாக்பூருக்கு வந்தது. ஹர்ஷினி சேர்ந்தது 2002. நாற்பத்தாறு வருஷம் ஆண்கள் மட்டுமே படித்த இடம். "அக்கல்லூரியில் சேர்ந்த முதல் பெண், அங்கே தீயணைப்புப் பொறியியல் படித்துப் பட்டம் பெற்ற முதல் பெண்." இதை யாராலும் அசைக்க முடியாது. நாடு முழுமைக்கும் முதல் என்பதை "என்று ஊடகங்கள் குறிப்பிடுகின்றன" என்று சான்றோடு தனியாக வைத்தேன். இதனால் அவர் ஒரு இம்மிகூடக் குறையவில்லை. எனக்கென்னவோ வெறும் 'முதல் பெண்' என்பதைவிட அந்த நாற்பத்தாறு வருஷம்தான் ஓங்கி அடிக்கிறது.

மே 18

போன வாரம் மகளுக்குக் காய்ச்சல், ஒன்றும் எழுதவில்லை.

இன்று பணி பற்றிய பகுதி. எண்ணெய் எடுக்கும் அரசு நிறுவனமான ஓஎன்ஜிசி-யில் தீயணைப்பு அதிகாரியாகச் சேர்ந்து குஜராத்தின் மெஹ்சானாவுக்குப் போனார் என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். மெஹ்சானா ஏன் என்று வாசிப்பவருக்குத் தெரிய வேண்டாமா? அது எண்ணெய் வயல் பகுதி. எண்ணெய்த் தீ வீட்டுத் தீ மாதிரி கிடையாது. எரிகிற எண்ணெயில் தண்ணீரைப் பாய்ச்சினால், தண்ணீர் அடியில் போய் எண்ணெய் மேலே மிதந்து தீயைச் சுமந்துகொண்டு பரவும். அதனால் நுரை அடிக்கிறார்கள். நுரை போர்வை மாதிரி எண்ணெயின் மேல் படர்ந்து காற்றைத் தடுக்கும், ஆவி மேலே எழாமல் அமுக்கும், சூட்டையும் இறக்கும். எங்கள் அடுப்படியில் வாணலி எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதே, தட்டைப் போட்டு மூடு என்று அம்மா சொன்னதும் இதேதான்.

இந்த விளக்கம் முழுவதையும் கட்டுரையில் வைக்கவில்லை. இது அவருடைய வாழ்க்கை வரலாறு, தீயின் வரலாறு இல்லை. ஒரு வாக்கியம் மட்டும் விட்டேன். டாக் வெடிவிபத்து பற்றி ஆசை ஆசையாக எழுதிய ஒரு பத்தியையும் எடுத்தேன். அதை எடுக்கத்தான் மனசு வரவில்லை.

அவருடைய குடும்பம் பற்றிச் செய்திகளில் கிடைத்த சில விவரங்களையும் விட்டுவிட்டேன். வாழ்கிறவர். பொதுப்பணியில் செய்தது ஊருக்குச் சொந்தம், வீட்டு விஷயம் அவருக்குச் சொந்தம்.

படம் கிடைக்கவில்லை. செய்தித்தாள் படங்களுக்குப் பதிப்புரிமை உண்டு, எடுத்துப் போட முடியாது. தகவற்பெட்டியில் படத்துக்கான இடம் காலியாகவே இருக்கிறது.

மே 25

காலை பத்து மணிக்கு மணல்தொட்டியிலிருந்து கட்டுரைப் பக்கத்துக்கு நகர்த்தினேன். கை நடுங்கியது உண்மை.

மத்தியானத்துக்குள் பேச்சுப் பக்கத்தில் ஒரு பயனரின் குறிப்பு. அனுபவசாலி என்று தெரிந்தது. "வாழ்த்துகள். சான்றுகள் நன்று. முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் பாருங்கள், புகழுரை இருக்கிறது."

போய்ப் பார்த்தேன். "தடைகளைத் தகர்த்து சாதனை படைத்த வீரமங்கை" என்று நானே எழுதியிருக்கிறேன்! ஒரு மாசமாகச் சொல் சொல்லாகப் பார்த்தும் அது என் கண்ணில் படவே இல்லை, அவ்வளவு பழகிய தொடர். எந்தத் தடை? யார் போட்டது? எதைத் தகர்த்தார்? அந்த வரியில் ஒரு பதிலும் இல்லை. அதை எடுத்துவிட்டு, கல்லூரி தொடங்கிய ஆண்டையும் அவர் சேர்ந்த ஆண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். தடை அங்கே தெரிகிறது.

அந்தப் பயனரே இன்னொன்றும் கேட்டார்: வீரர் என்பதா, வீராங்கனை என்பதா? அதிகாரி என்று எழுதிவிட்டால் இந்தக் கேள்வியே எழாது, ஹர்ஷினியின் பதவியும் அதுதான் என்று பதில் எழுதினேன். ஒப்புக்கொண்டார். அவரே பகுப்புகளையும் சேர்த்துவிட்டு, மற்ற மொழிப் பக்கங்களோடு இணைப்பது எப்படி என்று விக்கித்தரவு பக்கத்தைக் காட்டினார். பெயர் தெரியாத, முகம் தெரியாத ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் ஒரு மணி நேரம் எனக்காக உட்கார்ந்திருக்கிறார்.

மே 29

ஆபீஸிலிருந்து வந்ததும் கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தேன். என் தொகுப்புகளுக்கு மேலே புதிதாக ஒன்று. யாரோ "பொறியியற்" என்பதில் ஒற்றைச் சரிசெய்திருக்கிறார்கள். தொகுப்புச் சுருக்கம்: எ.பி. எழுத்துப் பிழையாம். அவ்வளவே.

மகள் பக்கத்தில் உட்கார்ந்து கட்டுரையை எழுத்துக்கூட்டிப் படித்தாள். பள்ளியில் அவளுக்குத் தமிழ் கிடையாது, வீட்டில் நான் சொல்லிக்கொடுத்ததுதான். "தேசியத் தீ...யணை...ப்பு..." என்று இழுத்து இழுத்து முதல் பத்தியை முடிக்க ஐந்து நிமிஷம் ஆனது. பிறகு காலியாக இருந்த படத்தின் இடத்தில் விரலை வைத்து, "இங்க அவங்க போட்டோ எப்போ வரும்?" என்றாள்.

இலவச உரிமத்தில் ஒரு படம் கேட்டு எழுதும் கடிதத்துக்கு மாதிரி இருக்கிறதாம், ஆலமரத்தடியில் சொன்னார்கள். இந்த வாரம் அதை எழுத வேண்டும். அதோடு, எழிலகத் தீ பற்றிய 2012-ஆம் வருஷத்துச் செய்திகளைச் சேர்க்க ஆரம்பித்திருக்கிறேன். இதுவரை நாலு கிடைத்திருக்கிறது. அதில் எத்தனை ஒரே பில்லின் நகல் என்று இன்னும் பார்க்கவில்லை.