எந்த வண்டிக்கு தம்பி போல்ட்டு?

பைக்கில் கேமரா மாட்ட வீட்டிலேயே ஒரு ஸ்டாண்டு செய்துவிடலாம் என்று கிளம்புகிறவருக்கு முதல் சோதனை ஹார்டுவேர் கடையில் காத்திருக்கும்.

“அண்ணே, கால் இஞ்ச் போல்ட்டு, அரை இஞ்ச் நீளத்துல ஒண்ணு குடுங்க.”

“எந்த வண்டிக்கு தம்பி?”

“வண்டிக்கு இல்லண்ணே, கேமராவுக்கு.”

“கேமராவுக்கா? போட்டோ கடைக்குப் போப்பா.”

போட்டோ கடைக்காரர் அதைவிடப் பொறுமையாக, “போல்ட்டுன்னா ஹார்டுவேர் கடைலதான் கேக்கணும் தம்பி” என்பார். இரண்டு கடைக்கும் நடுவே பந்தாடப்படாமல் இருக்க ஒரே வழி, கேமரா என்ற சொல்லையே எடுக்காமல் இருப்பது. “கால் இஞ்ச் விட்வொர்த்” என்று மட்டும் கேளுங்கள். விட்வொர்த் என்பது பழைய பிரிட்டிஷ் மரை அளவு. கேமராவின் அடியில் இருக்கும் துளை கால் இஞ்ச் விட்டம், ஓர் இஞ்சுக்கு 20 மரை. நம் கடைகளில் பழைய பழக்கத்தில் இன்னும் கிடைக்கும் கால் இஞ்ச் விட்வொர்த் போல்ட்டிலும் அதே 20 மரைதான். மரையின் கோணம் 60 டிகிரிக்குப் பதில் 55 டிகிரி. இந்தச் சின்ன வேலைக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

போல்ட் ஸ்டாக் இல்லையென்றால் கடைக்காரர் ஆறு எம்.எம். போல்ட்டை எடுத்து நீட்டி, “ரெண்டும் ஒண்ணுதான் தம்பி, போட்டுக்கலாம்” என்பார். போடக்கூடாது. கால் இஞ்ச் என்பது 6.35 மி.மீ.; அதில் மரைக்கு மரை இடைவெளி 1.27 மி.மீ. ஆறு எம்.எம். போல்ட்டில் அது 1 மி.மீ. ஒன்றிரண்டு சுற்று லொடலொடவென்று உள்ளே போகும், பிறகு பிடித்துக்கொள்ளும். “ஆஹா, டைட் ஆயிடுச்சு” என்று தோன்றும் அந்த நொடியில்தான் கேமராவின் மரை அழியத் தொடங்குகிறது. வீட்டு வாசலில் நன்றாக நிற்கும். தெருமுனை வேகத்தடை வரைக்கும்தான்.

நீளத்திலும் ஒரு கணக்கு உண்டு. கேமராவைத் தாங்கப்போகும் அலுமினியப் பட்டைக்கு மேலே போல்ட் 5 மி.மீட்டருக்கு மேல் நீட்டக்கூடாது, கேமராவின் துளை அவ்வளவுதான் ஆழம். அரை இஞ்ச் போல்ட் 12.7 மி.மீ. அதில் பட்டையின் கனத்துக்கு 5, வாஷருக்கு 1.5 போனால் 6-க்கு மேல் மிஞ்சும். இன்னொரு வாஷர் சேர்த்தால் 4.7-க்கு இறங்கும். ஆக்‌ஷன் கேமராவாக இருந்து, அடியில் துளைக்குப் பதில் இரண்டு விரல்கள் நீட்டிக்கொண்டிருந்தால், அதற்கு ஜோடியாக மூன்று விரல் வைத்த பிடியை அலுமினியத்தில் அறுத்து உருவாக்கும் வீரத்தனமெல்லாம் வேண்டாம். கால் இஞ்ச் துளையோடு வரும் ட்ரைபாட் அடாப்டர் கடையில் கிடைக்கிறது. வாங்கிவிடுங்கள்.

அடுத்து, ஸ்டாண்டை வண்டியில் எங்கே பிடிப்பது? ஹேண்டில்பாரின் விட்டம் பெரும்பாலான வண்டிகளில் 22 மி.மீ. இதற்கு கிளாம்ப் வாங்க வண்டியையே கடை வாசல் வரை ஓட்டிப்போய், நோ பார்க்கிங்கில் நிறுத்தி, கடைப் பையனை வெளியே கூப்பிட்டு அளவெடுக்கச் சொல்பவர்கள் உண்டு. அவ்வளவு சிரமம் தேவையில்லை. வீட்டில் வெந்நீர்க் குழாய்க்குப் போடும் முக்கால் இஞ்ச் சி.பி.வி.சி. பைப்பின் வெளிவிட்டம் 22.2 மி.மீ., அதாவது ஹேண்டில்பாரின் அதே அளவு. பிளம்பர் விட்டுப்போன அரை அடித் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு போனால் போதும், அதுதான் உங்கள் ஹேண்டில்பார். அந்தப் பைப்புக்கு என்று விற்கும் இரும்பு கிளாம்பும் வண்டியில் அப்படியே உட்காரும். பிளாஸ்டிக் கிளாம்ப் மட்டும் வேண்டாம். சுவரில் சும்மா நிற்கும் பைப்பைப் பிடிக்கச் செய்தது அது; வெயிலும் அதிர்வும் சேர்ந்தால் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் உடையும்.

இதைவிட நல்ல இடம், பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடியின் தண்டு. கண்ணாடி வந்து இறங்கும் இடத்தில், லாக் நட்டுக்கு அடியில் ஒரு பட்டையைச் செருகிவிட்டால் கிளாம்பே வேண்டாம். ஹேண்டில் முழுக்க பிளாஸ்டிக் உறை போர்த்திய ஸ்கூட்டர்களுக்கு இதை விட்டால் வேறு வழியும் கிடையாது. இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பட்டை 5 மி.மீ. கனம் என்றால் கண்ணாடி அந்த அளவுக்கு உள்ளே இறங்காது. மீதி மரை குறைந்தது 10 மி.மீ. பிடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேமராவை மாட்டப்போய் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்புவீர்கள். இன்னொன்று, யமஹா வண்டிகள் பலவற்றில் வலப்பக்கக் கண்ணாடிக்கு லெஃப்ட் த்ரெட். வழக்கமான திசையில் “கழற்றக் கழற்ற” அது இறுகிக்கொண்டே போகும். பக்கத்தில் நிற்கும் நண்பர் “துரு பிடிச்சிருக்கு மாப்ள, கொஞ்சம் எண்ணெய் விடு” என்று யோசனை சொல்லுவார். எண்ணெய் விட்டால் இன்னும் சுகமாக இறுகும்.

பட்டைக்கு அலுமினியம் ஃபிளாட், 25 மி.மீ. அகலம், 5 மி.மீ. கனம், 75 மி.மீ. நீளம். இரண்டு முனையிலிருந்தும் 12.5 மி.மீ. உள்ளே தள்ளி, ஒரு பக்கம் கேமரா போல்ட்டுக்கு 6.5 துளை, மறுபக்கம் கண்ணாடித் தண்டுக்கு 10.5 துளை. முதலில் சென்டர் பஞ்ச் வைத்து ஒரு தட்டு, பிறகு 3 மி.மீ. பிட், அதற்குப் பிறகுதான் பெரிய பிட். அலுமினியம் பிட்டில் ஒட்டிக்கொள்ளும், மண்ணெண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் வழவழவென்று இறங்கும். வீட்டு டிரில்லிங் மெஷினின் வாய் பெரும்பாலும் 10 மி.மீட்டரோடு சரி. 10-இல் துளைத்துவிட்டு உருண்டை அரத்தால் மீதி அரை மில்லிமீட்டரைத் தேய்த்தெடுங்கள். பட்டையை வைஸில் பிடித்துத்தான் துளைக்க வேண்டும். “கையாலயே பிடிச்சுக்கறேன், நீ போடு” என்று முன்வரும் மச்சானை டீ வாங்க அனுப்பிவிடுவது குடும்பத்துக்கு நல்லது. பிட் சிக்கினால் பட்டை அவர் கையைச் சீவிக்கொண்டு சுழலும். வேலை முடிந்ததும் நான்கு மூலைகளையும் அரம் போட்டு உருட்டிவிடுங்கள்.

இவ்வளவு சின்னப் பட்டையா என்று எல்லாருக்கும் ஒரு மனக்குறை வரும். இன்னும் கொஞ்சம் நீட்டி, ஒரு வளைவு கொடுத்து, கேமரா ஸ்பீடோமீட்டருக்கு மேலே கம்பீரமாக நின்றால் எப்படி இருக்கும்! வீட்டுத் தயாரிப்புகள் பாதிக்கு மேல் சொதப்புவது இந்தக் கம்பீரத்தில்தான். கேமரா கீழே விழுமோ என்றுதான் எல்லாரும் பயப்படுகிறார்கள். படத்தைக் கெடுப்பது அதிர்வு.

ஒற்றை சிலிண்டர் எஞ்சின் 3000 ஆர்.பி.எம்.மில், அதாவது நிமிடத்துக்கு 3000 சுற்றில், ஓடினால் நொடிக்கு 50 முறை வண்டியை உலுக்குகிறது, 5000-இல் 83 முறை. பட்டைக்கும் தனக்கென்று ஓர் ஆட்ட வேகம் இருக்கிறது. 150 கிராம் கேமராவைச் சுமக்கும் 25-க்கு 5 அலுமினியப் பட்டையை 15 செ.மீ. நீட்டினால் அது நொடிக்கு 52 முறை ஆட விரும்பும். கிட்டத்தட்ட 3100 ஆர்.பி.எம்., ஊருக்குள் நீங்கள் ஓட்டும் அதே வேகம். எஞ்சின் தாளம் போட, பட்டை ஆட, கச்சேரி களைகட்டிவிடும். அதே 15 செ.மீட்டரை 3 மி.மீ. பட்டையில் செய்தால் இன்னும் விசேஷம். நொடிக்கு 24 முறை, அதாவது 1450 ஆர்.பி.எம். சிக்னலில் ஐடிலிங்கில் நிற்கும்போதே ஆட்டம் ஆரம்பம். 5 செ.மீ. நீளத்தில், 5 மி.மீ. கனத்தில் வைத்தால் கணக்குப்படி 270 வருகிறது. கண்ணாடிப் பிடியே கொஞ்சம் நெகிழும் என்பதால் நிஜத்தில் குறையும். அப்படிக் கொஞ்சம் குறைந்தாலும் எஞ்சினின் முதன்மை அதிர்வு எட்டிப் பிடிக்க முடியாத உயரத்தில்தான் இருக்கும். நீளத்தை இரட்டித்தால் வளைவு எட்டு மடங்கு, கனத்தை 3-லிருந்து 5 ஆக்கினால் விறைப்பு நாலரை மடங்குக்கு மேல். குட்டையாக, தடியாக, பார்க்க லட்சணமில்லாமல் இருக்கும் ஸ்டாண்டுதான் நல்ல ஸ்டாண்டு.

கேமராவின் சென்ஸார் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் கேமரா நகர்ந்துவிட்டால் கோடு வளைகிறது. அதனால்தான் நேரான மேம்பாலத் தூண்கூட வீடியோவில் திருநெல்வேலி அல்வாபோல் தளதளவென்று ஆடுகிறது. கேமராவுக்குள் இருக்கும் ஸ்டெபிலைசேஷன் குண்டுகுழிக் குலுக்கலைச் சமாளிக்கும். இந்த எஞ்சின் நடுக்கத்தைச் சமாளிக்காது.

உடனே யாராவது ஸ்பாஞ்சோடு வருவார்கள். “அடியில ரப்பர் குடு, அதிர்வெல்லாம் குடிச்சிடும்.” குடிக்காது. மெத்தென்ற பொருளின் மேல் நிற்கும் கேமராவுக்கும் ஓர் ஆட்ட வேகம் உண்டு. எஞ்சின் அதிர்வு அதைப்போல் 1.4 மடங்கைத் தாண்டினால்தான் ரப்பர் தடுக்கத் தொடங்கும், அதற்குக் கீழே கூட்டித்தான் கொடுக்கும். ஐடிலிங்கிலிருந்தே தடுக்க வேண்டுமென்றால் கேமரா நொடிக்கு 15 முறைக்கும் குறைவாக ஆடும் அளவுக்குத் தொளதொளவென்று இருக்க வேண்டும். அப்போது எஞ்சின் அதிர்வு போய்விடும், ஒவ்வொரு பள்ளத்துக்கும் கேமரா தலையாட்டும். சைக்கிள் டியூப் துண்டு ஒரு சுற்று கிளாம்புக்கு அடியில் போடலாம். அது வழுக்காமல் பிடிப்பதற்கு, அவ்வளவே.

இறுக்குவதில் சோம்பல் வேண்டாம். கேமரா போல்ட்டுக்கு ஸ்பிரிங் வாஷர், கிளாம்ப் போட்டிருந்தால் அதற்கு நைலாக் நட். நைலாக்கைப் பலமுறை கழற்றி மாட்டினால் உள்ளே இருக்கும் நைலான் தேய்ந்து பிடி போய்விடும், புதிது போடுங்கள். மரை கழலாமல் பிடிக்கும் பசையான நீல நிற த்ரெட்லாக்கர் உலோகத்துக்கு நல்லது. கேமரா உறையின் பிளாஸ்டிக்கில் பட்டால் விரிசல் விடும். எல்லாம் இறுக்கிய பிறகு, வீட்டில் கேட்டுக்கொண்டு நெயில் பாலிஷை எடுத்து நட்டிலிருந்து பட்டைக்கு ஒரு கோடு. கோடு நேராக இருந்தால் நட் நகரவில்லை. கேட்காமல் எடுத்தால் வேறு சில நட்டுகள் கழலும்.

பிறகு 2 மி.மீ. நைலான் கயிறு ஒன்றைக் கேமராவிலிருந்து ஹேண்டில்பாருக்குக் கட்டுங்கள். ஸ்டாண்டிலேயே கட்டினால் ஸ்டாண்டும் கேமராவும் ஜோடியாகப் போகும். கயிறு பிரேக் லீவரையோ முன் சக்கரத்தையோ எட்டாத நீளத்தில் இருக்க வேண்டும். எஞ்சினை ஐடிலிங்கில் விட்டு ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாக ஒடித்துப் பாருங்கள். ஆர்.பி.எம். ஏறினால் ஆக்ஸிலேட்டர் கேபிள் எங்கோ இழுபடுகிறது, பட்டையைத் திருப்பி வைக்காமல் வண்டியை எடுக்காதீர்கள். கேமரா டேங்கில் இடிக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

கேமரா எதற்கு, செல்போனையே மாட்டலாமே என்பவர்களுக்கு: அதிக சக்தியுள்ள பைக் எஞ்சினின் அதிர்வு ஐபோன் கேமராவின் உள் பாகங்களைக் கெடுக்கலாம், நேரடியாக வண்டியில் மாட்டாதீர்கள் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் சொல்லிவிட்டது.

சிக்னலில் நிற்கும்போது பக்கத்து ஆட்டோக்காரர் “ஓடுதா?” என்பார். பின்சீட்டு அம்மா முந்தானையைச் சரிசெய்துகொள்வார். டிராஃபிக் போலீஸ்காரர் சற்று நிமிர்ந்து நிற்பார். ஓடாவிட்டாலும் ஓடுவதாகவே வைத்துக்கொள்ளலாம், ரோட்டில் ஒழுங்கு கூடுகிறது.

வீடு வந்து கேமராவைக் கழற்றிய பிறகு பட்டை மட்டும் வண்டியில் நீட்டிக்கொண்டிருக்கும். அதை வீட்டில் உள்ளவர்கள் பார்க்கிற பார்வையே வேறு. மறுநாள் காலையில் அதில் இரண்டு கிலோ தக்காளிப் பை தொங்கும். பட்டை தாங்கும். கண்ணாடியின் லாக் நட்தான் மெல்லத் திரும்பும். மறுபடி கேமராவை மாட்டும் முன் கோடு எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடுங்கள்.