இடப்பக்கம் படுத்தால் மூச்சு முட்டியது

எனக்கு வயது 52. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் மூச்சு முட்டும். வலப்பக்கம் திரும்பினால் சரியாகிவிடும். சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருந்த கிளினிக்கில் ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் படுத்தால் முட்டுகிறது என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு மாதம் வீணானது. எடை குறைந்தது, சாயங்காலமானால் லேசான காய்ச்சல். ஒருநாள் தேக்கா மார்க்கெட் படிக்கட்டில் மயங்கி விழுந்தேன்.

பலதுறை மருந்தகத்தில், அதாவது அரசு பாலிகிளினிக்கில், பார்த்த இளம் டாக்டர்தான் என்னைப் படுக்க வைத்து, உட்கார வைத்து நெஞ்சைக் கேட்டார். இதய ஓசையில் வித்தியாசம் இருக்கிறது என்று அன்றே மருத்துவமனைக்குக் கடிதம் எழுதினார்.

மருத்துவமனையில் எக்கோ, அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்ட் படம், எடுத்தபோது திரையில் நானே பார்த்தேன். இதயத்தின் இடது மேலறையில் முட்டை அளவுக்கு ஒரு கட்டி, சுவரிலிருந்து காம்பில் தொங்கியபடி, ஒவ்வொரு துடிப்புக்கும் கோயில் மணியின் நாக்குப் போல ஆடி வால்வுக்குள் இறங்கி ஏறியது. மிக்ஸோமா என்ற இதயக் கட்டியாக இருக்கும், புற்றுநோய் அல்ல என்றார்கள். ஆனால் கூழ் போன்ற கட்டி; ஒரு துண்டு பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். அதனால் வீட்டுக்கே அனுப்பவில்லை.

"மாத்திரையில கரையாதா?" என்று அம்மா கேட்டார். "இதுக்கு மருந்து கிடையாது பாட்டி, எடுத்துத்தான் ஆகணும்" என்று தமிழ்த் தாதி பொறுமையாகச் சொன்னார். அந்தப் பெண்ணை மறக்கவே மாட்டேன்.

மூன்றாம் நாள் அறுவை சிகிச்சை. நெஞ்செலும்பைப் பிளந்து, இதய நுரையீரல் இயந்திரத்தில் இணைத்து, இதயத்தை நிறுத்திவிட்டுத்தான் கட்டியை எடுக்கிறார்கள். மறுபடி வளராமலிருக்கக் காம்பு ஒட்டியிருந்த சுவர்த் துண்டையும் வெட்டி, அந்த ஓட்டையை என் இதய உறையிலிருந்தே எடுத்த ஒட்டால் மூடினார்கள். பரிசோதனைக்கூட முடிவும் மிக்ஸோமா என்றே வந்தது.

அப்புறம் வலி. இருமும்போதெல்லாம் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். எலும்பு கூடும்வரை அரிசிப் பையைக்கூடத் தூக்கக் கூடாது. பலதுறை மருந்தகக் கடிதத்தோடு போனதால் மானியக் கட்டணம். மெடிஷீல்ட் லைஃப் காப்பீடு போக மீதியை மெடிசேவ் மருத்துவச் சேமிப்பிலிருந்து கட்டினோம்.

சில குடும்பங்களில் இது பரம்பரையாக வருமாம். தங்கைக்கும் எக்கோ எடுத்தோம், ஒன்றும் இல்லை. அரிதாகத் திரும்ப வரலாம் என்பதால் எனக்கு வருடம் ஒரு எக்கோ. அடுத்தது ஜனவரியில்.