கற்பூர மரத்தின் பிறந்த ஊரில் ஒரு வருடம்

மகளுக்கு இரண்டாவது பிரசவம். நவம்பர் கடைசியில் தேதி கொடுத்திருந்தார்கள். 2023 செப்டம்பர் முதல் வாரத்தில் கோவையில் விமானம் ஏறி, சிங்கப்பூரில் மாறி, மெல்பர்ன் போய்ச் சேர்ந்தோம். விசாவில் பன்னிரண்டு மாதம் தங்கலாம் என்று இருந்தது.

மாப்பிள்ளை காரில் கூட்டிக்கொண்டு போனார். நகரத்தைத் தாண்டிக் கிழக்கே திரும்பியதும், ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த இவர் என் கையைத் தட்டினார். "டீச்சர், சீகை பூத்திருக்குது பாரு."

பார்த்தேன். சாலை ஓரமெல்லாம் மஞ்சள். எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

இவர் மின்வாரியத்தில் இருந்தபோது குந்தாவில் பதினோரு வருடம் இருந்தோம். குவார்ட்டர்ஸைச் சுற்றிக் கற்பூர மரமும் சீகை மரமும்தான். நீலகிரியில் யூகலிப்டஸுக்கு அதுதான் பேர், கற்பூர மரம். வாட்டிலுக்குச் சீகை. இரண்டுமே அந்த மலைக்குச் சொந்தம் கிடையாது. 1840-களில் விறகுக்காக வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நட்டது, பிறகு சோலையையும் புல்வெளியையும் தின்றுகொண்டே பரவியது. நான் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்தியவள். அயல் தாவரம் என்ற பாடம் வந்தாலே கரும்பலகையில் இந்த இரண்டின் பெயரைத்தான் எழுதுவேன். அதன் சொந்த ஊர் எது என்று கேட்டால் ஆஸ்திரேலியா என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவேன். அந்த ஊருக்குத்தான் இப்போது வந்திருந்தேன்.

மகள் வீடு ஃபெர்ன்ட்ரீ கல்லியில். டாண்டினாங் மலையடிவாரம். மரப்பெரணி நிற்கும் பள்ளம் என்று ஊர்ப் பெயருக்கு அர்த்தம். நம் பக்கம் ஓடைக்குப் பள்ளம் என்கிற மாதிரியேதான். வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய மரம். பக்கத்து வீட்டு அம்மா அதை மன்னா கம் என்றார். யூகலிப்டஸில் ஒரு வகை. அடிமரம் வெளுத்து, பட்டையெல்லாம் நாடா நாடாவாகத் தொங்கும். இந்த வருடம் முழுக்க நாங்கள் எடுத்த படங்களில் பாதிக்கு மேல் இந்த மரமும் அதன் கீழே கிடந்த நீலப் பிளாஸ்டிக் நாற்காலியும் இருக்கும்.

காமிரா என்னுடையது. ஓய்வு பெற்ற பணத்தில் வாங்கிய நிக்கான், கூடவே ஒரு 18-55 லென்ஸ், ஒரு 70-300. முக்காலியைத் தூக்குவது இவர். படம் எடுக்கும்போது மூச்சுவிடாமல் பக்கத்தில் நிற்பார். குருவி பறந்தால் அது எந்தக் கிளைக்குப் போனது என்று என்னைவிட முன்னால் சொல்லிவிடுவார். அப்படி ஒரு கண்.

முதலில் எனக்குப் பிடிபடாதது வெளிச்சம். நம் ஊரில் சமையலறைக்கு வடக்கு ஜன்னல் என்றால் நாள் முழுக்க ஒரே மாதிரி மெத்தென்ற வெளிச்சம், வெயில் அதிகம் விழாது. அங்கே எல்லாம் தலைகீழ். சூரியன் வடக்கில் சரிந்து போகிறது, வடக்கு ஜன்னலில்தான் வெயில். அதுவும் ஜூன், ஜூலையில் உச்சி வேளையில்கூட முப்பத்தைந்து டிகிரிக்கு மேல் ஏறாது. கோவையில் பத்து மணிக்கு மேல் காமிராவை எடுத்தால் முகத்தில் கண்ணுக்குக் கீழே கறுப்பாக நிழல் விழுமே, அது அங்கே குளிர்காலத்தில் கிடையாது. ஜூனில் பகல் ஒன்பதரை மணி நேரம்தான். ஆனால் அந்த ஒன்பதரை மணி நேரமும் சாயங்கால வெயில் மாதிரி சாய்ந்தே இருக்கும். பேத்தியின் நல்ல படங்கள் எல்லாம் சமையலறை வடக்கு ஜன்னலில், மாவு பாத்திரத்துக்குப் பக்கத்தில் எடுத்தவை.

வந்த வாரத்திலேயே மேக்பை பறவை இவர் தலையில் ஒரு போடு போட்டது. நம் காக்கை அளவு, கறுப்பும் வெள்ளையும். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை கூடு கட்டும் சமயம், ஆண் பறவை பின்பக்கமாகப் பறந்து வந்து கொத்தும். சைக்கிளில் போகிறவர்கள் ஹெல்மெட்டில் பிளாஸ்டிக் நாடாக்களை முள் மாதிரி குத்தி வைத்துக்கொண்டு போகிறார்கள். அது முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுமாம், ஆகாது என்று முடிவு செய்தால் அந்த ஆளைத்தான் தேடி வரும். நான்கு வயதுப் பேரன் இதையெல்லாம் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தான். "அப்பச்சி, ஓடக்கூடாது. நின்னு அதைப் பார்க்கணும்." அவன் சொன்னபடியே இவர் நின்று பார்த்தார். இரண்டு வாரம் கழித்துக் கொத்துவது நின்றது. டிசம்பரில் அதே பறவை குஞ்சோடு நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து புழு தோண்டியது. குஞ்சின் சாம்பல் நிறக் கழுத்தும், அப்பாவின் பின்னாலேயே நடந்து "க்யாய் க்யாய்" என்று அது கெஞ்சுவதும் படத்தில் இருக்கிறது. சத்தம் மட்டும் இல்லை.

பேத்தி நவம்பர் கடைசி வாரத்தில் பிறந்தாள். மகளும் குழந்தையும் நன்றாக இருந்தார்கள். வீட்டுக்கு வந்த அன்று செலவு ரசம், அதாவது பிள்ளை பெற்றவளுக்கு வைக்கும் மருந்துச் சாமான் ரசம், வைத்துக் கொடுத்தேன். செலவு சாமான் மகள் வீட்டு அலமாரியிலேயே இருந்தது, அங்கே இந்தியக் கடையில் எல்லாம் கிடைக்கிறது. நான் எதுவும் கொண்டுபோகவில்லை. விதை, இலை, வேர் எது கொண்டுபோனாலும் விமான நிலையத்தில் எழுதிக் காட்ட வேண்டும், பல சாமான்களை எடுத்துவிடுவார்கள். கண்டிப்பு அதிகம் என்று சொந்தக்காரர்கள் அலுத்துக்கொள்வார்கள். எனக்கு அது சரி என்றுதான் படுகிறது. வேட்டைக்கு ஆகட்டும் என்று 1859-ல் ஒருவர் இந்த விக்டோரியா மாநிலத்தில் விட்ட காட்டு முயல்கள் அந்தக் கண்டத்தையே மேய்ந்தன. குந்தாவில் சீகை இறங்கி வந்து புல்வெளியை மூடியதைக் கண்ணால் பார்த்தவளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

குழந்தைக்கு ஒரு மாதம் ஆனதும் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை காலை, அதே நாற்காலி, அதே இடம், இவர் மடியில் பேத்தி. முக்காலியின் மூன்று காலுக்கும் புல்லில் மூன்று செங்கல் துண்டு பதித்து வைத்திருந்தேன். மழை பெய்தால் குடையோடு எடுத்தோம். முப்பத்தைந்து படம் தேறியது. வரிசையாகப் போட்டுப் பார்த்தால் பேத்தி வளர்வது தெரிகிறது, அதைவிடப் பின்னால் நிற்கும் மரம் என்ன செய்கிறது என்று தெரிகிறது. ஜனவரியில் பட்டை உரிகிறது. பிப்ரவரியில் முழு நாடாவும் விழுந்து அடிமரம் வெண்ணெய் நிறத்தில் நிற்கிறது. மேலே கிளை ஒடிந்த இடத்தில் ஒரு பொந்து. கோடை முழுக்க அதிலிருந்து ரெயின்போ லாரிகீட் கிளி ஒன்று தலையை நீட்டிக்கொண்டிருக்கிறது, நீலத் தலை, சிவப்பு மூக்கு.

அந்தப் பொந்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யூகலிப்டஸில் இப்படிப் பொந்து விழ நூறு வருடம், அதற்கு மேலும் ஆகும். அந்த ஊர்க் கிளிகள், பாஸம் என்கிற மரமேறிப் பிராணி, ஆந்தை எல்லாம் அதில்தான் குடியிருக்கின்றன. குந்தாவில் கற்பூரக் காட்டுக்குள் நடந்தால் ஒரு சத்தம் இருக்காது. பறவைகள் எங்கே என்று மகள் சின்ன வயதில் கேட்டிருக்கிறாள். இந்த மரத்தில் பறவைக்கு ஒன்றும் கிடையாது சாமி என்று சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அந்த இடத்துக்கு அது உண்மைதான். இங்கே அதே சாதி மரத்தில் ஒரு கிளைக்கு ஒரு குடும்பம்.

ஜனவரியில் தெருவோரத்தில் சிவப்புப் பூ யூகலிப்டஸ் பூத்தது. மொட்டு ஒரு சின்னக் கிண்ணம், மேலே மூடி. யூகலிப்டஸ் என்ற கிரேக்கப் பெயருக்கே நன்றாக மூடியது என்றுதான் பொருள். வகுப்பில் படம் வரைந்து காட்டியிருக்கிறேனே ஒழிய மூடி கழலுவதைப் பார்த்ததில்லை. ஒரு நாள் காலை ஏழு மணிக்குப் போய் ஒரு கொத்தின் முன்னால் காமிராவை நிறுத்தினேன். முதலில் மூடிக்கும் கிண்ணத்துக்கும் நடுவே மயிரிழை அளவு ஒரு கோடு. அப்புறம் மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. உள்ளே மடித்து வைத்த சிவப்பு இழைகள் அதை நெம்புகின்றன. பத்தரை மணிக்கு மேல் ஒரு தேனீ வந்து உட்கார்ந்ததும் மூடி கீழே விழுந்தது. பூவுக்கு இதழே இல்லை, இழைகள்தான் பூ. "ஏனுங்க, அந்த மூடியை எடுங்க" என்றேன். இவர் குனிந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அந்த உள்ளங்கையைத்தான் பெரிதாக அச்சிட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம்.

பார்க்க வேண்டிய இடங்களையும் பார்த்தோம். கங்காரு, கொவாலா எல்லாம் ஆயிற்று. கிரேட் ஓஷன் ரோடு முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் 1919-லிருந்து 1932 வரை வெட்டிய பாதை. அதன் பேர்போன கடல் பாறைகளுக்குப் பன்னிரண்டு அப்போஸ்தலர் என்று பேர், ஆனால் பன்னிரண்டு கிடையாது. அங்கே கூட்டம், காற்று, எல்லாரும் எடுக்கும் அதே படம். எனக்கு அந்தப் பயணத்தில் மனதில் நின்றது லோர்னைத் தாண்டி ஆட்வே காட்டில் வண்டியை நிறுத்திய இடம். கீழே கிடந்த காயை எடுத்ததுமே தெரிந்துவிட்டது. நாலு விளிம்பு, சுண்ணாம்பு பூசிய மாதிரி வெள்ளை, மேலெல்லாம் பரு. குந்தாவில் மகள் பம்பரம் விட்ட அதே காய். நம் நீலகிரிக் கற்பூர மரம் அங்கே தன் காட்டில் நின்றது. இவர் அடிமரத்தில் கை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

பிலிப் தீவில் பெங்குவின்கள் இருட்டியதும் கடலிலிருந்து கரையேறி வரும். முழங்கால் உயரம்கூட இல்லை, ஒரு கிலோதான் இருக்கும். அங்கே படம் எடுக்கத் தடை. செல்போனைக்கூட உள்ளே வைக்கச் சொல்வார்கள். வருடம் முழுக்க நான் காமிரா இல்லாமல் உட்கார்ந்திருந்தது அந்த ஒரு சாயங்காலம். அவை நடந்துபோன மேட்டில் ஒரு காலத்தில் குடியிருப்பு இருந்தது. 1985-லிருந்து அரசாங்கம் ஒவ்வொரு வீடாக விலைக்கு வாங்கி, இடித்து, அந்த இடத்தைப் பெங்குவின்களுக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறது. அந்த அரையிருட்டில் இதைத் தெரிந்துகொண்டபோது இவர் என் பக்கம் திரும்பி, "நம்ம மலைக்கும் யாராவது இப்படிச் செய்யட்டும்" என்றார்.

2024 மே 11, சனிக்கிழமை. தென்துருவ ஒளி மெல்பர்ன் வரைக்கும் தெரிகிறது என்று மாப்பிள்ளைக்கு யாரோ செய்தி அனுப்பினார்கள். கம்பளியைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தால் தெற்கு வானம் ரோஜா நிறத்தில் இருந்தது. அவசரத்தில் தானியங்கி ஃபோகஸை அணைக்க மறந்தேன். இருட்டில் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருந்தது. இருபது படமும் மங்கல். பிறகு தூரத்துத் தெருவிளக்கில் கையால் ஃபோகஸ் செய்து, ஐஎஸ்ஓ 1600, எட்டு விநாடி வைத்து எடுத்ததில் இரண்டு நன்றாக வந்தன. ஒன்றில் மன்னா கம் கரிய நிழலாக நிற்கிறது, பின்னால் வானம் சிவந்து பச்சை கலந்து. அன்னையர் தினத்துக்கு முந்தைய ராத்திரி. மகள் தோளில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள்.

கடைசியாக லயர்பேர்ட், மற்ற பறவைகளின் குரலை அப்படியே எடுத்துப் பேசும் பறவை. லயர் என்பது யாழ் மாதிரி ஒரு கருவி, ஆண் பறவையின் வால் அந்த வடிவம். அங்கே பத்து சென்ட் நாணயத்தில் இதன் படம்தான். வீட்டிலிருந்து பதினைந்து நிமிடத்தில் ஷெர்புரூக் காடு. உலகத்தின் மிக உயரமான பூக்கும் மரங்களில் ஒன்றான மவுண்டன் ஆஷ் வானத்தை முட்டி நிற்க, கீழே மரப்பெரணிகள். எட்டு தடவை போனோம். ஒரு தடவை வால் இல்லாத பெண் பறவை குப்பை கிளறியதைப் பார்த்தோம், அவ்வளவுதான். அது ஆடுவது குளிர்காலத்தில். ஜூலையில் ஒன்பதாவது தடவை, காலை எட்டு மணி, பனிமூட்டம். சாட்டை சொடுக்குகிற மாதிரி விப்பேர்டின் குரல். பெண் விப்பேர்ட் பதில் சொன்னது. உடனே கூக்கபரா சிரித்தது, ரொசெல்லா மணியடித்தது. எல்லாம் ஒரே புதரிலிருந்து. இவர் என் தோளைத் தொட்டு, "டீச்சர், இது நாலு பறவை இல்லை" என்று காதில் சொன்னார்.

பெரணி விலகிய இடத்தில் ஒரு சின்ன மண்மேடு, அதன் மேல் அது. வாலை முன்பக்கமாகக் கவிழ்த்துத் தலைமேல் வெள்ளை வலை மாதிரி போர்த்திக்கொண்டு நடுங்கவிட்டது. வெளிச்சம் போதவில்லை, நூற்றில் ஒரு பங்கு விநாடிதான் கிடைத்தது. வால் நடுங்கியதால் படத்தில் இறகுகள் புகையாக விழுந்திருக்கின்றன. கண் மட்டும் கூர்மையாக இருக்கிறது. இதைவிடச் சுத்தமான படங்கள் எத்தனையோ பேர் எடுத்திருக்கிறார்கள். எனக்கு இது போதும்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு. சீகை மறுபடி பூத்துவிட்டிருந்தது. பேத்தி மடியில் உட்கார மறுத்துவிட்டாள். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு தானே நின்றாள். சரி, அப்படியே எடுத்தேன். ஆட்வே காயை நாங்கள் ஊருக்குக் கொண்டுவரவில்லை. சமையலறை வடக்கு ஜன்னலில் பேரன் அதை வரிசையாக அடுக்கி வைத்திருந்தான், அது அங்கேயே இருக்கிறது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைப் படத்தை மகள் எடுத்து அனுப்புகிறாள். செங்கல் துண்டுகள் இன்னும் புல்லில் இருக்கின்றன. போன வாரப் படத்தில் நாற்காலி கொஞ்சம் இடது பக்கம் தள்ளியிருந்தது, பொந்து தெரியவில்லை. போன் போட்டுச் சொன்னேன். "சரிம்மா, அடுத்த வாரம் சரியா வைக்கிறேன். லாரிகீட் மறுபடி வந்திருக்குது" என்றாள்.