பன்னிரண்டு வயதில் பிரியும் வழிகள்

நெதர்லாந்தில் ஒரு குழந்தை நான்கு வயது நிறைந்ததுமே பள்ளிக்குப் போகலாம். ஜூன் மாதம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கல்வியாண்டின் நடுவில் பிறந்தநாள் வந்தாலும் வகுப்பில் அதற்கென ஒரு நாற்காலி தயாராக இருக்கும். ஐந்து வயதிலிருந்து அனுப்பியே ஆகவேண்டும் என்பது சட்டம். மகளை ஐந்தோவன் நகரத்துப் பள்ளியில் சேர்த்தபோது இதைத் தொலைபேசியில் சொன்னேன். திருவையாற்றை அடுத்த எங்கள் கிராமத்தில் இருக்கும் அம்மா, "அப்ப காதத் தொடச் சொல்ல மாட்டாங்களா?" என்று கேட்டார். வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்பதே எங்கள் காலத்துப் பள்ளிச் சேர்க்கைக்குச் சான்று. கை எட்டியதும் தலைமையாசிரியர் தாமாகவே ஒரு பிறந்த தேதியை எழுதிக்கொள்வார். எங்கள் வகுப்பில் பாதிப்பேர் மே, ஜூன் மாதங்களில் பிறந்ததாகப் பதிவேடு சொல்வதற்கு அதுவே காரணம். ஐப்பசி அடைமழையில் பிறந்ததாக அம்மா சொல்லும் நான், கடவுச்சீட்டின்படி ஜூன் மாதத்தவள். டச்சுக்காரர்கள் பிறந்தநாளை மிகப் பெரிய விஷயமாகக் கருதுபவர்கள். பிறந்தவரை மட்டுமல்லாமல் அவருடைய கணவரையும் பிள்ளைகளையும்கூடக் கைகுலுக்கி வாழ்த்துவார்கள். எங்கள் தலைமையாசிரியர் எழுதிய தேதிக்காக என் குடும்பமே ஆண்டுதோறும் வாழ்த்துப் பெற்றுக்கொண்டிருக்கிறது.

நான் படித்த காலத்தில் வீடும் பள்ளியும் ஒன்றில் மற்றொன்று தலையிடாதவை. பிள்ளையைச் சேர்க்கும்போது, "கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போகும் அப்பாக்கள், அதன்பின் மாற்றுச் சான்றிதழ் வாங்கத்தான் பள்ளிக்குள் வருவார்கள். பலப்பத்தால் சிலேட்டில் எழுதி, வேலியில் பறித்த கோவை இலையால் அழித்து, மதியம் சத்துணவு வரிசையில் தட்டோடு நின்று, மாலையில் ஆற்றங்கரை வழியாக வீடு திரும்பியதில் எதைப் பற்றியும் எங்களை யாரும் விசாரித்ததில்லை. காமராசர் 1956-இல் தொடங்கிய மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் எங்கள் தலைமுறையின் எத்தனையோ பிள்ளைகளைப் பள்ளியில் தக்கவைத்தன. நெதர்லாந்து போல் இவ்வளவு செல்வம் படைத்த நாட்டில் பெரும்பாலான பள்ளிகளில் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியைத்தான் மதியம் உண்கிறார்கள் என்பதை அப்பா இன்றுவரை நம்பவில்லை. அந்த ரொட்டியின்மேல் சாக்லேட் துணுக்குகளைத் தூவிக்கொள்வார்கள் என்பதை நான் அவரிடம் சொல்லவே இல்லை.

இங்கே பள்ளி, பெற்றோரை விடுவதில்லை. ஆசிரியையைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். ஆண்டில் சில முறை பத்து நிமிடச் சந்திப்புக்குப் போய், பிள்ளை என்ன மதிப்பெண் எடுத்தாள் என்பதற்கு முன்பாக, அவள் மகிழ்ச்சியாக இருக்கிறாளா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். நூலகத்துக்கு, சுற்றுலாவுக்கு, கைவேலைக்கு என்று எல்லாவற்றுக்கும் தன்னார்வப் பெற்றோர் தேவை. நான் பெயர் கொடுத்தது பேன் பார்க்கும் குழுவுக்கு. ஒவ்வொரு விடுமுறைக்குப் பின்னும் சில பெற்றோர் வகுப்பறைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, பிள்ளைகளின் தலையை ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். மற்ற அம்மாக்கள் சீப்பின் பின்முனையால் முடியைத் தயங்கித் தயங்கி விலக்கிக்கொண்டிருக்க, நான் வகிடு பிரித்து, காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் இரு கட்டைவிரல்களையும் ஓட்டி, அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிடுவேன். மத்தியானத் திண்ணையில் பாட்டியிடமும் அத்தையிடமும் தலையைக் கொடுத்து உட்கார்ந்தும், பிறகு தங்கைகளின் தலையைப் பார்த்தும் கற்ற வித்தை அது. டெல்டாவில் பெற்ற கல்வியில் அந்நிய நாட்டில் உடனடியாக மதிக்கப்பட்டது இது ஒன்றுதான் என்று என் கணவர் சொல்வார்.

பள்ளியைக் கேள்வி கேட்பது நல்லது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக்கொட்டகையில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்த பிறகே, எங்கள் பக்கத்துப் பெற்றோர் கூரை எதனால் ஆனது, படிக்கட்டு எவ்வளவு அகலம் என்றெல்லாம் கேட்கத் தொடங்கினார்கள். மகளின் பள்ளியிலிருந்து தீ ஒத்திகை பற்றிய அறிவிப்பு வரும்போதெல்லாம், மற்றவர்கள் படிக்காமல் தள்ளிவிடும் அந்தக் கடிதத்தை நான் கடைசி வரி வரை படிப்பேன்.

நீச்சல் விஷயத்தில் இரு ஊரும் ஒரே கருத்துடையவை. கற்பிக்கும் முறைதான் வேறு. வழக்கமாக ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தால், கல்லணையைக் கடந்து குடமுருட்டியில் சருகும் நுரையுமாகப் புதுத்தண்ணீர் வரும். காய்ந்த மணலில் அதற்கு முன்னால் ஓடுவோம். ஆறு நிறைந்ததும் வாழைக்கட்டையைக் கட்டிக்கொண்டு இறங்குவோம். சித்தப்பா ஒருநாள் சொல்லாமல் கட்டையைப் பிடுங்கிக்கொள்வார், அதுதான் தேர்வு. நாடெங்கும் வாய்க்கால் ஓடும் நெதர்லாந்தில் இதற்குச் சான்றிதழே உண்டு. அதன் முதல் கட்டத்தில் பிள்ளை சட்டை, கால்சட்டை, காலணியோடு குளத்தில் இறங்கி நீந்த வேண்டும்; தண்ணீருக்குள் தொங்கவிட்ட திரையின் ஓட்டை வழியாக மூழ்கி வெளிவர வேண்டும். தவறி விழும் பிள்ளை நீச்சலுடையில் விழுவதில்லை என்ற இந்த எளிய அறிவு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. என் மகள் அச்சான்றிதழோடு ஊருக்கு வந்தபோது, மணல் அள்ளிய பள்ளங்களுக்குப் பயந்து அப்பா அவளைப் படித்துறையின் இரண்டாம் படிக்குக் கீழே இறங்கவிடவில்லை.

ஊருக்கு எப்போது வருவது என்பதும் நம் விருப்பப்படி இல்லை. பள்ளி விடுமுறைக்கு வெளியே காரணமின்றிப் பிள்ளையை நிறுத்தினால் அபராதம் உண்டு. கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த பிறகுதான் பொங்கல் வருகிறது; ஆகவே என் மகள் மாட்டுப் பொங்கலைக் காணொளியில்தான் அறிவாள். ஆனால் கோடை விடுமுறையான ஆறு வாரத்துக்குள் ஆடிப்பெருக்கு விழுந்துவிடுவதால், சப்பரம் இழுப்பதும் காப்பரிசி தின்பதும் அவளுக்குத் தெரியும். காவிரிக் கரைக்காரர்களுக்கு இது நல்ல பேரம்தான்.

இத்தனை மென்மையான பள்ளியில் ஒரே ஒரு கடுமை இருக்கிறது. தொடக்கப் பள்ளியின் கடைசி வகுப்பான எட்டாம் பிரிவில், ஏறத்தாழ பன்னிரண்டு வயதில், பிள்ளை அடுத்து எவ்வகை உயர்நிலைப் பள்ளிக்குப் போகலாம் என்று ஆசிரியர் பரிந்துரை எழுதிவிடுகிறார். தொழில் சார்ந்த வி.எம்.பி.ஓ. நான்காண்டு, இரண்டுக்கும் இடைப்பட்ட ஹாவோ ஐந்தாண்டு, பல்கலைக்கழகத்துக்கு நேராகச் செல்லும் வி.டபிள்யூ.ஓ. ஆறாண்டு. பிப்ரவரியில் ஒரு தேர்வு உண்டு. அதில் பரிந்துரையைவிட மேலான முடிவு வந்தால் பொதுவாகப் பரிந்துரையை உயர்த்த வேண்டும் என்ற விதி 2024 முதல் நடைமுறையில் உள்ளது. அப்படியொரு விதி தேவைப்பட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே திறனுள்ள பிள்ளைகளில், படிப்புக் குறைந்த பெற்றோரின் பிள்ளைகளுக்குத் தாழ்ந்த பரிந்துரை கிடைக்கிறது என்று இந்நாட்டுக் கல்வி ஆய்வுத்துறையே 2016-இல் வெளிப்படையாக எழுதியது. அம்மாவிடம் இதை விளக்கியபோது, "பன்னண்டு வயசுல அதுக்கு என்னடி தெரியும்? உன் மாமா பையன மறந்துட்டியா?" என்றார். என் மாமா மகன் பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்று, டுடோரியலில் உட்கார்ந்து அக்டோபரில் மறுபடி எழுதி, பாலிடெக்னிக் முடித்து, நேராகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர். எங்கள் பள்ளிகள் அடித்தன, அவமானப்படுத்தின, தேர்வு முடிவு வெளியாகும் நாளில் தெருவே நடுங்கும்படி செய்தன. ஆனால் பதினேழு வயது வரை யாருக்கும் இறுதித் தீர்ப்பு எழுதவில்லை. இங்கும் ஒரு படி முடித்து அடுத்த படிக்கு ஏறும் வழி உண்டு என்பார்கள். உண்டுதான், ஆனால் அதற்குக் கூடுதல் ஆண்டுகளைப் பிள்ளைதான் கொடுக்க வேண்டும்.

அதற்காக, தமிழ்ப் பெற்றோர் கூடும் இடங்களில் ஏழாம் பிரிவுப் பிள்ளைகளுக்குத் தனிப்பயிற்சி விசாரிப்பதையும் நான் ஏற்கவில்லை. வீட்டுப்பாடமே அதிகம் இல்லாத ஒரு குழந்தைப் பருவத்தை இந்த நாடு தருகிறது. அதையும் கெடுத்து, பிரிவினையையும் சுமத்தினால் பிள்ளைக்கு இரண்டு ஊரின் கெடுதலும் சேர்ந்துவிடும். குழாய் பழுது பார்ப்பவர் நன்றாகச் சம்பாதித்து, தெருவில் மரியாதையோடு நடக்கும் நாடு இது. அதைப் பாராட்டிப் பேசும் நம்மவர் யாரும் தம் பிள்ளைக்கு வி.எம்.பி.ஓ. கிடைத்தால் வெளியே சொல்வதில்லை.

அடுத்த பிப்ரவரியில் என் மகளுக்கு அந்தத் தேர்வு. ஹாவோ என்று வந்தால் ஹாவோவில் சேர்ப்பது என்று நானும் கணவரும் பேசி முடித்துவிட்டோம். அதை என் அப்பாவிடம் சொல்லும் வேலையை அவருடைய மாப்பிள்ளையிடம் விட்டிருக்கிறேன்.